முதல் லோடுக்கு மட்டும் வரும் கேள்விக்குறி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

நான் கிளம்புவதற்குள் ஹேண்டோவர் டாக்குமென்ட் எழுதித் தரச் சொல்லி நம் டீம் லீட் விடாமல் துரத்தினார். எழுதிவிட்டேன். சர்வரில் இருக்கிறது. நீங்கள் அதைப் படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் போனவர் எழுதி வைத்ததை நானும் படிக்கவில்லை. ஆகவே படிக்கிற மாதிரி ஒன்றைத் தனியாக எழுதுகிறேன்.

முப்பத்தொரு வயதில் நான் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, நிரல் எழுதுகிறவர்களிடம் "எப்போ முடியும்?" என்று கேட்பதுதான் என் வேலை. நிரல் எழுதும் தொழிலிலிருந்து இது ஓய்வுதான், சம்பளத்தோடு கூடிய ஓய்வு. முடிச்சூர் சாலையில் பேக்கரிக்கு மேல் மாடியில், பஃப்ஸ் வாசனையில் ஜாவா எழுதிய வாழ்க்கை இதோடு முடிகிறது.

கல்லூரியில் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று தெரியும். விலங்கு என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு வார்ப்பு. அதிலிருந்து பிறந்த நாய் என்று ஒரு கிளாஸ். நாய் குரைக்கும், பூனை கத்தும், பத்து மதிப்பெண். இத்தனை ஆண்டுகளில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் நாய் கேட்டதில்லை. பெயர், முகவரி, வண்டி எண், பார்ட் நம்பர், இவைதாம் கேட்டார்கள். எல்லாமே எழுத்துகளை வரிசையாகக் கோத்த ஸ்ட்ரிங். உங்கள் வேலையில் முக்கால்வாசி அதோடு மல்லுக்கட்டுவதுதான்.

ஸ்ட்ரிங்கைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்தால் இங்கே பிழைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: தாம்பரம் ஸ்டேஷனில் பீச் போகும் லோக்கல் ஒரே நேரத்தில் இரண்டு பிளாட்பாரங்களில் நிற்கும். போர்டில் எழுதியிருப்பது ஒன்றுதான், வண்டிகள் வேறு. ஜாவாவில் இரட்டைச் சமக்குறி போட்டால் "இரண்டும் ஒரே வண்டியா?" என்று கேட்கிறீர்கள். ஈக்குவல்ஸ் போட்டால் "இரண்டு போர்டும் ஒன்றா?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது எப்போதும் போர்டு.

இரண்டு: ஸ்ட்ரிங் திருந்தாது. ஒரு எழுத்தை நீக்கச் சொன்னால், நீக்கிய நகல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் தான் பழையபடியே நிற்கும். நகலை வாங்கிக்கொள்ளாவிட்டால் எதுவுமே நடக்காதது போலத்தான். நம் அலுவலகத்தில் எல்லோரும் விமர்சனத்தை ஏற்றுக்கொள்ளும் விதமும் இதுவே என்பதால் உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

மூன்றாவதைச் சொல்ல ஒரு கதை வேண்டும்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நமக்கு ஒரு வாடிக்கையாளர். கார் கதவுக்குள்ளே பொருத்தும் இரும்பு பிராக்கெட் செய்கிறார்கள். மறைமலை நகர்ப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு அது தினமும் போகும், எல்லோரும் குட்டி யானை என்று சொல்லும் அந்தச் சின்ன சரக்கு வண்டியில். ஒவ்வொரு பெட்டியிலும் நம் மென்பொருள் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். மேலே பார்ட் நம்பர், கீழே அதுவே பார்கோடாக. தொழிற்சாலை கேட்டில் ஸ்கேன் செய்வார்கள். 'கீச்' என்றால் உள்ளே. வேறு சத்தம் வந்தால் வண்டி வண்டலூரைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பும்.

லோடு அனுப்பும் பொறுப்பு பரந்தாமன் அண்ணனுக்கு. பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், யாரைப் பார்த்தாலும் நக்கல். நாங்கள் வரும்வரை கையால் பில் புக் எழுதிக்கொண்டிருந்தவர். நாங்கள் அதைப் பிடுங்கிவிட்டுக் கீபோர்டைக் கொடுத்தோம். முதல் வாரம் எங்கள் ஆளே அங்கே உட்கார்ந்து டைப் செய்து காட்டினார். எல்லாம் அழகாகப் போனது. அவர் திரும்பி வந்தார். தொல்லை ஆரம்பித்தது.

ஸ்டிக்கரில் பார்ட் நம்பருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. அன்றைய முதல் லோடில் மட்டும். அதற்குப் பிறகு நாள் முழுக்க வரும் ஸ்டிக்கர்களில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் மறுபடியும் முதல் லோடில் கேள்விக்குறி. கேட்டில் வண்டியை நிறுத்திவைத்து, இங்கே புது ஸ்டிக்கர் அடித்து, அதை பைக்கில் கொண்டுபோய் ஒட்டி உள்ளே அனுப்பினார்கள். தினமும் இப்படியே நடந்ததும் தொழிற்சாலை எச்சரித்தது: இந்தச் சனிக்கிழமையும் வந்தால் ஆர்டர் நிறுத்தி வைக்கப்படும்.

அந்தக் கம்பெனி ஓனர் எங்கள் காலைக் கூட்டத்தின் நடுவில் போன் செய்தார். லீட் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, ஒண்ணு உங்க சாஃப்ட்வேர் தப்பு, இல்ல பரந்தாமன் தப்பு. ஃபர்ஸ்ட் லோடுக்கு மட்டும் வருதுன்னா என்ன அர்த்தம்? கார்த்தால தூக்கக் கலக்கத்துல இவன் எதையோ தட்டறான். திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆள் வரச் சொல்லிட்டேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "நான் இன்னா சார் பண்ணேன்? நம்பரைத்தானே போடுறேன்!"

"நீ பேசாதே. அதுதான் திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்கேனே."

"சார், நாளைக்குள்ள ஃபிக்ஸ் பண்ணிடறோம்," என்றார் லீட். இந்த வாக்கியத்தை அவர் நினைத்துப் பார்த்துச் சொல்வதில்லை. தும்மல் போல வரும்.

உடனே சந்தேகப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது, கல்யாணத்துக்கே போட்டேன். பிரிண்டர். கேபிள். காலையில் கம்ப்யூட்டர் விழித்தெழும் விதம். நேற்றைய எதுவோ மிச்சம் நின்று இன்றைய முதல் வரியில் ஒட்டிக்கொள்வது. பரந்தாமன் அண்ணன். கடைசியாக, ஒரு ஒழுங்குக்காக, நாங்கள்.

லீட் பட்டியலைப் படிக்கவில்லை. "கேள்விக்குறி வருதா? கேள்விக்குறியை எடுத்துடு. சிம்பிள்," என்றார். அவரே உட்கார்ந்து, பார்ட் நம்பரில் கேள்விக்குறி இருந்தால் அதை நீக்கும் ஒரு வரி எழுதினார். திருந்திய நகலைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் விட்டார். மறுநாள் காலை கேள்விக்குறி தன் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அவர் மேஜைக்கு மேல் 'சுத்தமான நிரலே அழகான நிரல்' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழேதான் இது நடந்தது.

நான் நகலை வாங்கிக்கொள்ளும்படி வரியைத் திருத்தினேன். அதற்கு மறுநாளும் கேள்விக்குறி வந்தது.

இங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். கேள்விக்குறியைத் தேடித் தேடி நீக்கிய பிறகும் கேள்விக்குறி வருகிறது என்றால், உள்ளே இருந்தது கேள்விக்குறியே இல்லை. ஸ்டிக்கர் பிரிண்டருக்கு அனுப்பும்போது ஸ்ட்ரிங்கை ஆங்கில எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறோம். அதற்குள் அடங்காத எழுத்து எது வந்தாலும் ஜாவா சண்டை போடாது, சத்தம் போடாது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டுப் போய்விடும். டேட்டாபேஸிலும் பார்ட் நம்பருக்கு இதே ஏற்பாடுதான். பொருளின் பெயருக்குத் தமிழ் ஏற்கும்படி செய்திருந்தோம், லோடு ஏற்றுகிறவர்கள் படிக்க வேண்டுமே. பார்ட் நம்பருக்கு எதற்குத் தமிழ் என்று விட்டுவிட்டோம். ஆக, வந்தவர் யார் என்று எங்கள் பக்கத்தில் எங்கும் பதிவே இல்லை. முகத்தை மறைத்த படம் மட்டும் இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத எழுத்து," என்று லீட் தீர்ப்புச் சொன்னார். "ஃபைல் ஆரம்பத்துல சில சமயம் வந்து உக்காரும்ல, அதுதான். முதல் எழுத்து நம்பரா இல்லேன்னா வெட்டித் தள்ளு ஜெனி. சனிக்கிழமை காலைல வண்டி போயாகணும்."

"அவங்க பார்ட் நம்பர் எல்லாமே எழுத்துலதான் ஆரம்பிக்குது. இடது கதவுக்கு எல், வலது கதவுக்கு ஆர்."

"அப்போ எல், ஆர் தவிரன்னு போடு."

"நாளைக்குப் பின்கதவுக்கு பி வந்தா?"

"நாளைக்கு வந்தா நாளைக்குப் பாக்கலாம்."

இது நம் நிறுவனத்தின் அறிவிக்கப்படாத கொள்கை. இனி தினமும் கேட்பீர்கள்.

நான் மாட்டேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தினால் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். கேட்டில் மாட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் அவமானம்தான், ஆனால் அது மாட்டிக்கொள்கிறது. பி என்று ஒரு பார்ட் வந்து, அந்த பி-யை நாம் வெட்டி, மிச்சமிருக்கும் எண் வேறு எதனுடனாவது ஒத்துப்போனால் ஸ்கேனர் 'கீச்' என்று சந்தோஷமாக உள்ளே விடும். தவறான பிராக்கெட் தவறான கதவுக்குப் போகும். சத்தம் போடும் தவறைச் சத்தம் போடாத தவறாக மாற்றுவதற்குப் பெயர் ஃபிக்ஸ் இல்லை.

"அப்போ என்னதான் பண்ணலாம்ங்கறே?"

"போய்ப் பார்க்கறேன்."

"போய்ப் பார்க்கறதா?" என்றார், அமாவாசைக்கு நிலா பார்க்கப் போகிறேன் என்று சொன்ன மாதிரி.

முதலில் போன்தான் செய்தேன். "அண்ணா, பார்ட் நம்பர் பாக்ஸ்ல என்ன டைப் பண்றீங்க?"

"நம்பர்தாம்மா."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி டீ."

"டீ குடிச்சப்புறம், நம்பருக்கு முன்னாடி?"

"இன்னாம்மா போலீஸ் மாதிரி கேக்குற? நாலு நாளா ஓனர் வேற முறைச்சிகினு கீறாரு. வந்து பாத்துக்கோயேன்."

சனிக்கிழமை காலை திருநீர்மலை வழியாக ஸ்கூட்டரில் போனேன். பரந்தாமன் அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கீபோர்டை ஒரு துணியால் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் திரையின் முதல் பெட்டி பார்ட் நம்பர். அதில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. தமிழுக்கு மாற்றினார். ஒரு விசையைத் தட்டினார். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றினார். எல் போட்டு, நம்பர் போட்டார்.

பெட்டிக்குள் எல்-லுக்கு முன்னால் ஒரு 'உ' நின்றது.

"அண்ணா, இது என்ன?"

"எது?"

"நம்பருக்கு முன்னாடி."

"சுழிம்மா. பிள்ளையார் சுழி. பாத்ததில்ல?"

"நம்பர் மட்டும்தான் போடறேன்னு சொன்னீங்களே."

"நம்பர்தானே போடுறேன்! இதையெல்லாம் போயி யாராவது கணக்குல சேப்பாங்களா?"

"ஸ்டிக்கர்ல தினமும் கேள்விக்குறி வருது. அதையாவது பார்த்தீங்களா?"

"அது கேள்விக்குறியா?" உண்மையாகவே வியந்தார். "உங்க மிஷின் சுழியை அப்டித்தான் போடும்னு நெனச்சேன். வளைஞ்சிகினு, கீழ ஒரு புள்ளி வச்சிகினு... இங்கிலீஷ் சுழி."

நான் பேனாவை எடுத்தேன். எழுத ஒன்றும் இல்லை. திரும்பப் பைக்குள் வைத்தேன்.

என் வீட்டில் சுழி போடும் பழக்கம் இல்லை. அம்மா மளிகைச் சீட்டின் தலையில்கூடச் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். அதை நான் ஒரு நாளும் சீட்டில் உள்ள சாமான் என்று நினைத்ததில்லை. நம் லீட் வெள்ளைப் பலகையில் டிசைன் வரையும்போது இன்றும் மூலையில் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார், கவனித்துப் பாருங்கள். அவருக்கும் தோன்றவில்லை. போடுகிறவர்கள் யாருக்குமே அது எழுத்து இல்லை. ஜாவாவுக்கு மட்டும்தான் எழுத்து.

"ஆனா அண்ணா, அதை ஏன் பார்ட் நம்பர் பாக்ஸ்ல போடறீங்க?"

"பின்ன எங்க போடுறது? பில் புக்குல மேல எடம் இருந்துச்சு. உங்க ஸ்கிரீன்ல மேல எடமே இல்லியே. ஃபர்ஸ்ட் பாக்ஸே இதுதான். அன்னன்னிக்கு ஃபர்ஸ்ட் லோடுக்கு மட்டும்தான் போடுவேன். புக்குலயும் அப்டித்தான், மொதோ பக்கத்துல."

அப்போதுதான் ஓனர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை, கையில் வண்டிச் சாவி. "என்னம்மா, கண்டுபிடிச்சாச்சா? இவன்தானே?"

அதுவரை மூச்சு விடாமல் பேசிய மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன, இரண்டும் உண்மை. 'இவர் தேவையில்லாத எழுத்தைப் போட்டார்.' 'எங்கள் பெட்டி எதைப் போட்டாலும் வாங்கிக்கொண்டது.' முதல் பதிலைச் சொன்னால் என் வேலை முடிந்தது; லீட் பஃப்ஸ் வாங்கித் தருவார்; திங்கட்கிழமை இந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார். அந்த ஆளும் சுழி போடுகிறவராக இருந்தால் செவ்வாய்க்கிழமை எனக்கு மறுபடி போன் வரும். தர்மத்தை விடுங்கள், பொறியியலாகப் பார்த்தாலும் இரண்டாவது பதில்தான் சரியான பதில்.

"சார், தப்பு எங்க பாக்ஸ்ல. பார்ட் நம்பர் இல்லாத எதைப் போட்டாலும் அது வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லலை."

"எதைப் போட்டான்?" அவர் குனிந்து திரையைப் பார்த்தார். உ-வைப் பார்த்தார். நிமிரவில்லை. "இதாலயா?"

"ஆமா சார். எடுத்துட்டா சரியாயிடும்."

"எடுக்கக் கூடாது."

"சார்?"

"சுழி போடாம இங்கேர்ந்து ஒரு லோடு வெளிய போனதில்லம்மா. கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே இவன்கிட்ட சொன்னேன், நீ எதை வேணா மாத்திக்கோ, இதை மட்டும்..."

அங்கே நிறுத்தினார். பரந்தாமன் அண்ணன் பிரிண்டரை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, நான் உள்ள வந்ததுலேர்ந்து வாயைத் தொறக்கலையே?"

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன்னு உங்களுக்கே எடுத்துச் சொல்லணுமா சார்?"

ஓனர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு நேரம் கழுத்தைச் சொறிவதை நான் பார்த்ததில்லை.

"சார், வண்டி நிக்குது," என்றேன். "இன்னிக்கு ஸ்கிரீன்ல சுழி இல்லாம ஸ்டிக்கர் அடிச்சுடலாம். சுழியை நீங்களே பெட்டி மேல போட்டுடுங்க. திங்கட்கிழமைக்குள்ள நான் ஸ்கிரீன்ல இடம் பண்ணித் தரேன்."

அவர் பரந்தாமன் அண்ணனிடம் ஒரு மார்க்கர் வாங்கி முதல் சரக்குப் பெட்டியின் தலையில் பெரிதாக ஒரு உ போட்டார். "ஸ்டிக்கர் மேல படாம சார்," என்று பரந்தாமன் அண்ணன் சொன்னார். பேச்சு வந்துவிட்டது.

மறைமலை நகர் கேட்டிலிருந்து டிரைவர் போன் செய்து, எல்லாப் பெட்டியும் உள்ளே போய்விட்டது என்று சொல்லும்வரை நான் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் ஓனர், "பரந்தாமா, திங்கக்கிழமை வரச் சொன்ன ஆளுக்கு ஒரு போன் போட்டு வேணாம்னு சொல்லிடு," என்றார்.

"நானா சார்?"

"பின்ன நானா? டெஸ்பாட்ச் யாரு பாக்கறது?"

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரிங் எதையும் வேண்டாம் என்று சொல்லாது. பார்ட் நம்பர், போன் நம்பர், கவிதை, சாபம், சுழி, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அது அதன் நல்ல குணம். அதனால்தான் முக்கியமான எதையும் அதன் பொறுப்பில் விடக் கூடாது. பார்ட் நம்பர் என்பது பார்ட் நம்பர். அதற்கென்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். பார்ட் நம்பர் மாதிரி இல்லாத எதுவும் வாசலிலேயே நிற்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியது இதுதான். பாதி வேலை.

மீதிப் பாதிக்கு லீட்டிடம் அனுமதி கேட்டேன். திரையின் தலையில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு சின்னப் பெட்டி. ஸ்டிக்கருக்குப் போகாது. பில்லின் உச்சியில் மட்டும் அச்சாகும்.

"இதை ரிக்வயர்மென்ட்ல என்னன்னு எழுதுவே?"

"மேல் இடம்."

"டைப்?"

"வெறும் ஸ்ட்ரிங்."

"வேலிடேஷன்?"

"கிடையாது. எதைப் போட்டாலும் வாங்கிக்கும்."

"மேண்டேட்டரியா?"

"இல்லை. ஆனா காலியா விட மாட்டாங்க."

அவர் வெள்ளைப் பலகையின் மூலையைப் பார்த்தார். பிறகு சரி என்றார். அவரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: கேட்பதற்கு நேரமாகும், கேட்டுவிட்டால் தடுக்க மாட்டார். அதுவே இந்தத் தொழிலில் அதிகம்.

அந்தப் பெட்டி இப்போது நம் எல்லா வாடிக்கையாளர்களிடமும் இருக்கிறது. பல்லாவரத்து பாய் அதில் 786 போடுகிறார். குரோம்பேட்டையில் ஒருவர் சிலுவை. பெருங்களத்தூரில் ஒரு பெண் மகளின் பெயரைப் போடுகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு லேத் பட்டறைக்காரர் சிரத்தையாக ஒரு கோடு போட்டு வைக்கிறார். ஒருவர் எலுமிச்சம்பழப் படம் போடுகிறார். அந்த ஒரு பழத்தின் நீளம் இரண்டு என்று ஜாவா சொல்லும், பதற வேண்டாம், கண்ணுக்கு ஒன்றுதான்.

என்றைக்காவது உங்களில் ஒருவர், நல்ல எண்ணத்தோடு, நிரலைச் சுத்தம் செய்ய உட்காருவீர்கள். எந்தக் கணக்கிலும் சேராத, யாரும் சோதிக்காத, எதற்கும் பயன்படாத அந்தப் பெட்டி உங்கள் கண்ணை உறுத்தும். நீக்கிப் பாருங்கள். ஒரு பிழையும் வராது. சோதனைகள் எல்லாம் பச்சையாக ஓடும். நிரல் முன்பைவிட வேகமாகக்கூட ஓடலாம்.

வண்டிதான் கிளம்பாது.

ஜெனி